மூன்று மஞ்சள் கணுக்கள்

ஓரகத்திகள் இருவர் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதே பெரும்பாடு. அந்த இருவரும் ஒரே இடத்துக்கு வேலைக்கும் போகிறார்கள் என்றால் ஆளுக்கு இரண்டு உயிர் வேண்டும். ஊசியக்காவுக்கு இருந்தது ஒரே ஓர் உயிர்தான். அதுவும் மூன்று வருடமாக எரிந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது வேலையால். அருங்காட்சியகத்தின் பின்கட்டில், மாடியில், பூச்சி அறை என்று ஓர் அறை. செத்த பூச்சிகளை ஊசியில் குத்தி, சீட்டு எழுதி, கண்ணாடி போட்ட இழுப்பறைகளில் அடுக்குவது அவள் வேலை. பெரிய பூச்சி என்றால் நேரே குத்திவிடலாம். கொத்தமல்லி விதை அளவு வண்டைக் குத்தினால் அது தூளாகிப் போகும். அதற்குக் கெட்டி அட்டையை முக்கோணமாக நறுக்கி, அதன் நுனியில் துளிப் பசை வைத்து வண்டை ஒட்டி, அட்டையைத்தான் ஊசியில் ஏற்ற வேண்டும். மூச்சு பட்டாலும் கால் போய்விடும். இருபத்துநாலு வருடமாக அந்த வேலையைப் பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்ததில்லை. ஆனால் ஒரு வண்டைத் தூக்கிக் காட்டினால், காலில் எத்தனை கணு, முதுகு ஓட்டில் எத்தனை வரி, இது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

சின்னவள் அவள் கொழுந்தனின் மனைவி. படித்துப் பட்டம் வாங்கியவள். மூன்று வருடத்துக்கு முன் அதே அறைக்கு வந்தாள், விவரிப்பாளர் என்கிற பதவியில். புதுப் பூச்சி ஒன்று கிடைத்தால் அதன் தலை எப்படி, கண் எப்படி, உணர்கொம்பில் எத்தனை கணு என்று மயிரிழை பிசகாமல் எழுதி, அது எதிலிருந்து எப்படி வேறு என்று நிறுவி, அதற்கு ஒரு பெயரும் வைத்து அச்சுக்கு அனுப்புவது அவள் வேலை. அச்சில் வந்துவிட்டால், உலகம் உள்ளவரை அந்தப் பூச்சியின் பெயருக்குப் பக்கத்தில் விவரித்தவர் பெயரும் நிற்கும். ஒட்டியவள் பெயர்? அது பசையோடு காய்ந்துபோகும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சின்னவளுக்குப் புது மைக்ராஸ்கோப் வந்தபோது, வெளிச்சம் வேண்டும் என்று சன்னலோர மேசையை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இருபத்தொரு வருடம் ஊசியக்கா உட்கார்ந்த மேசை. அவளை ஒதுக்கிய இடம் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். சொல்லுங்கள், யாருக்குத்தான் எரியாது?

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இழுப்பறையில் ஒரு காலோ கொம்போ உடைந்து கிடந்தால், அது யாருடையது என்று பார்த்து ஒட்டிவிட்டு, ஊசியின் அடியில் கடுகளவு சிவப்புக் காகிதம் ஒன்றைச் செருகி வைப்பது ஊசியக்காவின் வழக்கம். இது ஒட்டுப்போட்டது, இதை நம்பி எதுவும் எழுதிவிடாதே என்று அதற்கு அர்த்தம். இதை எங்கேயும் யாரும் எழுதி வைக்கவில்லை. அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பழைய காப்பாளர், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சின்னவள் வந்த மறு வருடம் பழைய சீட்டுகளையெல்லாம் மாற்றிப் புதிதாக அச்சடித்த சீட்டு வைத்தாள். அப்போது அந்தச் சிவப்புக் காகிதங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவிக் குப்பைக்கூடையில் போட்டாள். தொட்டிக்குப் பக்கத்திலிருந்து ஊசியக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயைத் திறக்கவில்லை. ‘என்னைக் கேட்டாளா? கேக்கலையே. படிச்சவளுக்கு நாம என்ன பாடம் எடுக்கறது?’ என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை சன்னலோரத்திலிருந்து ஒரு கூவல்.

“அக்கா! ஓடி வாங்களேன். கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு வாங்க!”

“கையில அந்துப்பூச்சி இருக்கு. போட்டா செத்துடும்.”

“அது செத்து ஆறு மாசம் ஆச்சுக்கா. வாங்க!”

ஊசியக்கா போனாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். முக்கோண அட்டையில் ஒரு பழுப்பு வண்டு. இலைக்குப்பையில் கிடக்கிற வகை. இடது பக்கம் கொம்பு இல்லை. வலது பக்கம் ஒற்றைக் கொம்பு. அதன் கடைசி மூன்று கணுக்கள் தடித்து, மஞ்சளாக, மொட்டு மாதிரி நின்றன.

“பார்த்தீங்களா?” சின்னவளுக்கு மூச்சு வாங்கியது. “இந்தக் குடும்பத்துல எல்லாத்துக்கும் கொம்பு நூல் மாதிரிதான் இருக்கும். இனம் பார்க்கிற பட்டியல்ல வச்சுப் பார்த்தேன். நூல் மாதிரின்னா இந்தப் பக்கம் போ, நுனி தடிச்சிருந்தா அந்தப் பக்கம் போன்னு இருக்கு. இந்தப் பக்கம் போனா கொம்பு ஒத்து வரல. அந்தப் பக்கம் போனா கால் ஒத்து வரல. எங்கயும் அடங்க மாட்டேங்குது. புது இனம்கூட இல்லக்கா, புதுப் பேரினம்! ஒரு பெரிய கூட்டத்துக்கே புதுசா பேர் வைக்கணும்!”

ஊசியக்கா கண்ணை எடுக்கவில்லை. கொம்பு தலையில் சேருகிற இடத்தில் தேன் நிறத்தில் ஒரு மினுக்கல், மயிரிழை அளவு. வேறு யார் கண்ணிலும் படாது. தன் கைத்தையலைத் தையல்காரிக்கு அடையாளம் தெரியாதா? அது அவள் பசை. ஒன்பது வருடத்துக்கு முன் ஏணியிலிருந்து இரண்டு இழுப்பறைகள் சரிந்து விழுந்தன. காலும் கொம்புமாய் அடியில் கொட்டிக் கிடந்ததை மூன்று நாள் உட்கார்ந்து பொறுக்கி ஒட்டினாள். இது அதில் ஒன்று. அளவு சரியாக இருந்தது, ஒட்டினாள். சந்தேகத்துக்குச் சிவப்பும் வைத்தாள்.

“என்னக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?”

“என்னத்தச் சொல்ல? அதிசயமாத்தான் இருக்கு.”

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் ஒன்பது வருடத்துக்கு முன் விழுந்த இரண்டில் மற்ற இழுப்பறையை இழுத்தாள். காளான் தின்கிற வண்டுகள், வரிசை வரிசையாக. கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து தேடினாள். நான்காவது வரிசையில், கடைசியில், இருந்தது. இடது கொம்பு மட்டும் உள்ள வண்டு. நுனியில் மூன்று மஞ்சள் கணுக்கள். வலது பக்கம் வெறும் குழி.

நின்ற இடத்திலேயே அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொன்னால் சின்னவள் தப்பித்துக்கொள்வாள். சொல்லாவிட்டால் இது அச்சில் வரும். என்றைக்காவது எவராவது பார்த்து, ஒட்டுக் கொம்புக்குப் புதுப் பேரினமா என்று ஊர் ஊராகச் சிரிப்பார்கள். அந்தச் சன்னலோர மேசை அன்றைக்கு யாருக்கு? பசை தன்னுடையது என்கிற முள்ளும் குத்தத்தான் செய்தது. ‘நான் அடையாளம் வச்சேன். எடுத்துக் குப்பையில போட்டது யாரு?’ என்று முள்ளைப் பிடுங்கி எறிந்தாள். இழுப்பறையை மெல்லத் தள்ளி மூடினாள்.

அன்று மாலை வீட்டில் ஒரே அமர்க்களம். மாமனார் தையல் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். காது மந்தம். வேண்டியது மட்டும் நன்றாகக் கேட்கும்.

“புதுக் குடும்பமே கண்டுபிடிச்சிட்டியாமே சின்னவளே!”

“குடும்பம் இல்ல மாமா, பேரினம்.”

“ஏதோ ஒண்ணு. நம்ம குடும்பத்துக்குப் பேரு.” ஊசியக்கா பக்கம் திரும்பினார். “ஏம்மா பெரியவளே, நீயும் அங்கதான இருபத்துநாலு வருஷமா இருக்க? உன் கண்ணுல படலையா?”

“கண்ணுல தூசு விழுந்திருந்தது மாமா.”

“அப்பா, சும்மா இருங்க,” என்று அவள் கணவன் பரிந்துகொண்டு வந்தான். “அவ என்ன பண்ணுவா பாவம்? அவ ஒட்டறவ, சின்னவ எழுதறவ.”

மாமனார் சொன்னது கீறியது. இவன் சொன்னது வெட்டியது. ஊசியக்கா எல்லோர் தட்டிலும் பரிமாறிவிட்டு, தன் தட்டைப் பார்த்தாள். பசி இருந்த இடம் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அளவெடுக்கிற வேலை. “உங்க கைதான்க்கா நடுங்காது,” என்று சின்னவள் அதையும் அவளிடமே கொடுத்தாள். ஊசியக்கா குனிந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, சின்னவள் தட்டச்சு செய்தாள்.

“கொம்புல கணு?”

“பதினொண்ணு.”

“நீளம்?”

“ஒண்ணு புள்ளி நாலு மில்லி.”

“நுனிக் கணு மூணும்?”

“மஞ்சள். தடிச்சது. கடைசியில உள்ளது முட்டை வடிவம்.”

“அக்கா, கொம்பு கெட்டியா இருக்குல்ல? படம் எடுக்கறப்ப விழுந்துடாதே?”

“கெட்டியாத்தான் இருக்கு,” என்றாள் ஊசியக்கா. அவள் ஒட்டி எது விழுந்திருக்கிறது?

சொன்னதில் ஓர் எண்கூடப் பொய் இல்லை. எல்லாம் சேர்ந்துதான் பொய். அது அவளுக்குத் தெரிந்தது. புதன்கிழமை தெரிந்தது, வியாழக்கிழமை இன்னும் நன்றாகத் தெரிந்தது. வியாழனன்று சாயங்காலம் சின்னவள் தட்டச்சை நிறுத்திவிட்டு விரலைச் சொடுக்கெடுத்துக்கொண்டே சொன்னாள்:

“பயமா இருக்குக்கா. இது மட்டும் தப்பாப் போச்சுன்னா அப்புறம் நான் எழுதற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க. இதுவரைக்கும் எழுதினதையும் சேர்த்துக் கிழிச்சுப் போட்டுடுவாங்க.”

நல்ல பெண்ணாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பாள். ஊசியக்கா கெட்டவள் இல்லை. ஆனால் அந்தப் பயத்தைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது. வெயிலில் நடந்து வந்தவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கிடைத்தது போல இருந்தது. “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது,” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை இப்போதைய காப்பாளர் வந்தார். இடுப்பில் எத்தனை அலமாரியோ அத்தனை சாவி. அவர் மாடிப்படி ஏறும்போதே கலகலவென்று கேட்கும், அதனால் சாவிக்கொத்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

“கட்டுரை முடிஞ்சுதா? நல்லது. கட்டுரையோட வண்டையும் இன்னிக்கே அனுப்பணும்,” என்றார். “ஊசியக்கா, நல்லாப் பஞ்சு வச்சுக் கட்டிக் குடுங்க. வண்டுப் பெரியவருக்குப் போகுது.”

“அது யாரு சார்?” என்றாள் ஊசியக்கா, பெட்டிக்குள் பஞ்சைப் பரப்பிக்கொண்டே.

“நாப்பது வருஷமா வண்டத் தவிர வேற எதையும் பார்க்காத மனுஷன். அவர் சரின்னு சொன்னாத்தான் அச்சுக்குப் போகும். அவர் கண்ணு இருக்கே, அது கண்ணே இல்ல, கத்தி! போன வருஷம் எங்கயோ ஒரு வண்டோட பின்னங்கால் ஒட்டுக் கால்னு ஒரே பார்வையில கண்டுபிடிச்சார். கண்டுபிடிச்சதோட விட்டாரா? அதையே ஒரு தனிக் கட்டுரையா எழுதி அவர் பேர்ல போட்டுட்டார்.”

பஞ்சில் ஊசியக்காவின் கை நின்றது.

“ஒட்டினதக் கண்டுபிடிச்சதுக்கா? அதுக்கு ஒரு கட்டுரையா?”

“பின்ன? அது லேசான காரியமா? உலகத்துல எத்தனை பேர் கண்ணுக்கு அது தெரியும்?”

ஒருத்தி கண்ணுக்கு ஐந்து நாளாகத் தெரியும்! அதைச் சொல்லாமல் அடக்கி வைத்து, பஞ்சில் பொதிந்து, கயிறும் கட்டி, எங்கேயோ இருக்கிற ஒரு மனிதன் தன் பேரில் போட்டுக்கொள்ளத் தானே அனுப்பி வைப்பதா? தேன் நிற மினுக்கலை முதலில் பார்த்தது யார்? நான்காம் வரிசையில் மற்ற வண்டைத் தேடி எடுத்தது யார்? சின்னவள் மேல் இருந்த எரிச்சல் இம்மியும் குறையவில்லை. அதற்குப் பக்கத்திலேயே, முகம் தெரியாத அந்தக் கிழவர் மேல் இன்னோர் அடுப்பு மூண்டது. இரண்டு அடுப்பு ஒன்றாக எரிந்தால் எந்தப் பானை தாங்கும்?

“இந்தக் கொம்பு இந்த வண்டோடது இல்ல,” என்றாள் ஊசியக்கா.

சாவிகூடச் சத்தம் போடவில்லை.

“என்னக்கா சொல்றீங்க?” என்றாள் சின்னவள்.

ஊசியக்கா காளான் வண்டுகளின் அலமாரிக்குப் போனாள். இழுப்பறையை இழுத்துக் கண்ணாடியைத் தூக்கினாள். ஒற்றைக் கொம்பு வண்டை எடுத்து மேசையில் குத்தி நிறுத்தினாள். பிறகு வெந்நீரில் நனைத்த தூரிகையின் நுனியால் பழுப்பு வண்டின் தலையைத் தொட்டாள். ஒரு நிமிடம். இரண்டு. பசை இளகி, கொம்பு பிடி விட்டு நீரில் மிதந்தது. அதை இடுக்கியில் எடுத்து அடுத்த வண்டின் வெறும் குழிக்கு நேரே பிடித்தாள்.

“குனிஞ்சு பாருங்க. சோடி சேருதா?”

சேர்ந்தது. காப்பாளர் பார்த்தார். சின்னவள் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“அப்ப இது?” காப்பாளர் மொட்டைத் தலையோடு நின்ற பழுப்பு வண்டைக் காட்டினார்.

“இது சாதா வண்டு சார். மூணாம் அலமாரியில இதே மாதிரி நாப்பது இருக்கு.”

மூன்று வருடமாக ஊசியக்கா காணத் துடித்த முகம் அப்போது சின்னவளுக்கு வந்தது. கன்னம் வற்றி, உதடு வெளுத்து, கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் மேசைமேல் அலைந்தது. ஊசியக்கா பார்த்தாள். அதில் ருசியே இல்லை என்று சொன்னால் அது பொய். ருசி இருந்தது. ஆனால் ஒரு வாய்க்குத்தான் இருந்தது.

“ஒட்டினா அடையாளம் எதுவும் வைக்கறது இல்லையா?” காப்பாளர் குரல் ஏறியது.

“சிவப்புக் காகிதம் வச்சேன் சார். ஒட்டினது எல்லாத்துக்கும் வைப்பேன்.”

சின்னவள் மெல்ல நிமிர்ந்தாள். “கடுகு மாதிரி இருந்ததே, அதா? அத நான்தான் சார் எடுத்துப் போட்டேன். சும்மா அழகுக்கு வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்.”

“நல்லா நெனச்சீங்க போங்க. அந்த அலமாரி முழுக்க மறுபடி பார்க்கணும்.” காப்பாளர் பெருமூச்சு விட்டு ஊசியக்காவிடம் திரும்பினார். “சரி, உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சது?”

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. திங்கட்கிழமை என்றால், தெரிந்தே மூன்று நாள் அளவெடுத்துக் கொடுத்தவள் ஆவாள். இருபத்துநாலு வருடப் பேர் ஒரு சொல்லில் போய்விடும். இன்றைக்குத்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“இப்பத்தான் சார்,” என்றாள் சின்னவள். “கொம்புல எனக்கு என்னவோ சந்தேகமா இருந்தது. காலையில நான்தான் அக்காவ ஒரு தடவை பார்க்கச் சொன்னேன்.”

காப்பாளர் தலையை ஆட்டிக்கொண்டே சாவி குலுங்க இறங்கிப் போனார். ஊசியக்கா திகைத்து நின்றாள். காப்பாற்றிவிட்டாள் என்று முதலில் தோன்றியது. அடுத்த நொடியே சுருக்கென்றது. ‘பொய்யிலகூட முதல் சந்தேகம் இவளோடதாமே!’

அன்று இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். இரண்டு தெரு தாண்டியதும் ஊசியக்கா கேட்டாள்.

“எதுக்குடி அப்படிச் சொன்ன?”

“இழுப்பறைக் கண்ணாடில உங்க மூக்குத் தடம் இருந்துச்சுக்கா. நீங்க அதத் தூக்கறப்பப் பார்த்தேன். இன்னிக்குப் பட்ட தடம் இல்ல, மேல தூசு படிஞ்சிருந்தது.”

ஊசியக்கா மூக்கைத் தடவிக்கொண்டாள். “அப்ப காட்டிக் குடுக்க வேண்டியதுதான?”

“குடுத்துட்டு? அந்த அலமாரி முழுக்க யாரு திருப்பி ஒட்டுவா? நான் ஒட்டினா ஆறு காலும் ஒரே பக்கம் இருக்கும்.” கொஞ்ச தூரம் போய், குரல் தாழ்ந்தது. “நான் சிவப்புக் காகிதம் எடுத்தப்ப நீங்க பார்த்துட்டுத்தான இருந்தீங்க?”

“ம்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா, இதுகூடத் தெரியாம என்ன படிச்சேன்னு சிரிப்பீங்கன்னு பயம்.”

சிரித்திருப்பாள். அது ஊசியக்காவுக்கே தெரியும்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மாமனார் ஆரம்பித்தார். “எங்க, நம்ம வண்டு அச்சுக்குப் போயிடுச்சா?”

சின்னவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். “அது புதுசு இல்ல மாமா. நான் தப்பாப் பார்த்துட்டேன். வேற வண்டோட கொம்பு ஒட்டியிருந்தது, எனக்குத் தெரியல. அக்காதான் கண்டுபிடிச்சாங்க.”

ஊசியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போது வரும், இருபத்துநாலு வருடம் கழித்தாவது வரும் என்று மாமனார் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் கலங்கிவிட்டது. கையை நீட்டிச் சின்னவள் தலையில் வைத்தார்.

“பார்த்தீங்களாடா எல்லாரும்? தன் தப்பத் தானே வாய் நிறையச் சொல்றா. இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்? லட்சத்துல ஒருத்திக்கு வரும்!”

“ஆமாம்ப்பா,” என்றான் ஊசியக்காவின் கணவன்.

பதவியில் முந்தினாள், பொறுக்கவில்லை. மேசையில் முந்தினாள், பொறுக்கவில்லை. இப்போது நல்லவளாக இருப்பதிலும் முந்திக்கொண்டு, லட்சத்தில் ஒருத்தியாக உட்கார்ந்திருக்கிறாள்! ஊசியக்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.

“மாமா, எனக்குத் திங்கக்கிழமையே தெரியும்,” என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. “தெரிஞ்சும் சொல்லல. அவ அச்சுல போட்டு அசிங்கப்படட்டும்னுதான் இருந்தேன். அடையாளத்த அவ எடுத்துப் போட்டப்பவும் பார்த்துட்டு வாயத் தொறக்கல. ரெண்டு வருஷமா சொல்லல. எல்லாம் வயித்தெரிச்சல். வர்ற திங்கக்கிழமை காப்பாளர்கிட்டயும் இத நானே சொல்லிடுவேன்.”

மாமனாரின் கை அப்படியே நின்றது. காது மந்தம் என்பதற்கு அன்று அவருக்கு வழி இல்லை. கணவன் வாயில் வைத்ததை மெல்ல மறந்தான்.

“இதச் சொல்றதுக்கு...” மாமனார் பெரியவள் பக்கம் திரும்பினார். “இதச் சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! யாராவது சொல்வாங்களா? என் காலத்துல நான்கூடச் சொன்னது இல்லம்மா.”

ஊசியக்கா சின்னவளைப் பார்த்தாள். சின்னவளின் கண்ணோரம் சற்றே சுருங்கியிருந்தது. கீழுதடு உள்ளே மடங்கியிருந்தது. மூக்கு நுனி லேசாக விடைத்து, பார்வை மாமனாரின் கையிலேயே நின்றது, அது தன் தலையை விட்டு எழுந்து ஊசியக்கா பக்கம் போவதைப் பார்த்தபடி.

இந்த வகையை இனம் காண ஊசியக்காவுக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. மூன்று வருடமாகக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம் அது.

அவளுக்குத் திடீரென்று பசித்தது. தள்ளி வைத்த தட்டை இழுத்துக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் போடுடி,” என்றாள் சின்னவளிடம்.